கோஹிமாவின் பேக்கரி மேடு: 50 மீட்டர் கட்டத்தில் ஒரு சினாரியோ கட்டுவது எப்படி

டென்னிஸ் கோர்ட்டின் நீளம் 23.77 மீட்டர். 1944 ஏப்ரலில் கோஹிமாவில், துணை ஆணையர் பங்களாவின் கோர்ட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குழி வெட்டிக்கொண்டு பிரிட்டிஷ் இந்தியப் படையும் ஜப்பானியப் படையும் நாட்கணக்கில் கையெறிகுண்டு வீசிக்கொண்டன. அந்தச் சண்டையைக் கணினியில் கொண்டுவர ஆசைப்படாத போர் விளையாட்டுக்காரர் குறைவு. ஆனால் சினாரியோ (ஒரு சண்டைக்கான ஆட்டம்) கட்டும் எடிட்டரைத் திறந்ததும் முதல் தடை வந்து நிற்கும். வரைபடத்தின் அறுகோணக் கட்டமான ஒரு ஹெக்ஸின் அகலமே 50 மீட்டர் என்றால், மொத்த கோர்ட்டும் அரைக் கட்டத்துக்குள் மறைந்துவிடும்.

இங்கே எடுத்துக்கொள்ளும் விளையாட்டு, கேமோ ஒர்க்‌ஷாப் குழு இலவசமாகத் தரும் வின்எஸ்பிடபிள்யூடபிள்யூ2 (WinSPWW2). 1995இல் எஸ்எஸ்ஐ வெளியிட்ட ஸ்டீல் பேந்தர்ஸின் வழிவந்தது. சுற்று முறையில் ஆடுவது. பிரிட்டன், இந்தியா, ஜப்பான் படைப்பட்டியல்கள் எல்லாம் உள்ளேயே இருக்கின்றன; எடிட்டரும் கூடவே வருகிறது. இனி இதை எஸ்பி என்றே சொல்வோம். காம்பாட் மிஷன் என்ற இன்னொரு போர் விளையாட்டில் சதுரம் 8 மீட்டர்தான், கோர்ட் நீளவாக்கில் மூன்று சதுரம் வரும். ஆனால் அதில் பர்மா முனையே கிடையாது.

ஆகவே முதல் வேலை, கட்டத்தின் அளவுக்குப் பொருந்தும் சண்டையைத் தேடுவது. ஒரு சண்டை குறைந்தது ஐந்தாறு ஹெக்ஸ் ஆழத்தில் நடந்திருந்தால்தான் நகர்வு, பார்வை, சூடு என்ற மூன்றுக்கும் இடம் இருக்கும். முற்றுகையின் கடைசி நாட்களில் கோஹிமா காவற்படையின் வசமிருந்தது ஏறக்குறைய 350 மீட்டர் சதுரம். அதாவது ஏழுக்கு ஏழு ஹெக்ஸ். அதற்குள் பல நூறு பேர் கொண்ட ஒரு பட்டாலியனைத் திணித்தால் ஒரே கட்டத்தில் நாலைந்து யூனிட் அடுக்கி நிற்கும், ஒரு குண்டு விழுந்தால் எல்லாம் சேர்ந்து சிதறும்.

இந்த எஞ்சினுக்குச் சரியாகப் பொருந்துவது அதற்கு முந்தைய வாரத்துச் சண்டை. கோஹிமாவின் நிலைகள் ஒரே முகட்டில் தெற்கிலிருந்து வடக்காக வரிசையாக இருந்தன: ஜிபிடி (பொதுப் போக்குவரத்துப் பிரிவு) முகடு, ஜெயில் மலை, டிஐஎஸ் (அன்றாட வழங்கல் கிடங்கு) மலை, எஃப்எஸ்டி (களவழங்கல் கிடங்கு) மலை, குகி பிக்கெட், கடைசியில் கேரிசன் மலை. முதல் இரண்டும் ஏப்ரல் முதல் வாரத்திலேயே ஜப்பானிய 31ஆவது டிவிஷன் கைக்குப் போயின. அடுத்து இரவில் டிஐஎஸ் மலைக்குள் ஊடுருவி அங்கிருந்த மூங்கில் குடிசைகளிலும் பேக்கரியிலும் புகுந்துகொண்டார்கள். விடிந்ததும் பிரிட்டிஷ் படைப்பிரிவான ராயல் வெஸ்ட் கென்ட் 4ஆவது பட்டாலியனின் கம்பெனி ஒன்று எதிர்த்தாக்கி அவர்களை வெளியேற்றியது. ஒரு கம்பெனி, ஒரு காலைப்பொழுது, ஒரு கேள்வி: மேலே ஜெயில் மலையிலிருந்து எதிரி பார்க்கத் தொடங்குவதற்குள் பேக்கரியைத் துப்புரவாக்க முடியுமா? சினாரியோவுக்கு இவ்வளவு போதும். ஒரே வாக்கியத்தில் கேள்வியைச் சொல்ல முடியவில்லையென்றால் அந்தச் சண்டையை இன்னும் சுருக்குங்கள்.

கட்டுவதற்கு முன் ஆடிப் பழக வேண்டியவை

எஞ்சினின் நடத்தை கைக்குப் பழகாமல் சினாரியோ கட்டினால், எல்லா எண்களும் ஊகமாகத்தான் இருக்கும். குறைந்தது பத்துச் சிறு ஆட்டங்களாவது ஒரே ஒரு காலாட்படைக் கம்பெனியை வைத்து ஆடுங்கள். டாங்கி வேண்டாம், டாங்கி இருந்தால் காலாட்படையின் பாடம் மனதில் நிற்காது.

கவனிக்க வேண்டியது முதலில் சப்ரெஷன், அதாவது சூட்டில் அமுங்கிப்போவது. சுடப்பட்ட, பத்துப் பேர் கொண்ட சிறு குழுவான செக்‌ஷன் ஆளை இழக்காவிட்டாலும் தலைதூக்க முடியாமல் படுத்துவிடும், பிறகு பின்வாங்கும், அதற்குப் பிறகு சிதறி ஓடும். புதிதாக ஆடுகிறவர்கள் செத்தவர் எண்ணிக்கையைப் பார்த்தே முடிவெடுப்பார்கள். அனுபவசாலி பார்ப்பது, எதிரி இந்தச் சுற்றில் திருப்பிச் சுடும் நிலையில் இருக்கிறானா என்பதைத்தான். ஆகவே தாக்கும்போது முதலில் பிரென் என்ற இலகு இயந்திரத் துப்பாக்கிகளும் மார்ட்டரும் பேசட்டும். எதிரி அமுங்கிய பிறகே ஒரு செக்‌ஷன் எழுந்து நகரட்டும். இந்த வரிசை மாறினால், எஞ்சியிருக்கும் எதிரியின் சூடு முழுவதும் நகர்கிற செக்‌ஷன் மேலேயே விழும்.

எதிரி நகரும்போது தானாகச் சுடும் எதிர்வினைச் சூட்டுக்கு, உங்கள் சுற்றில் நீங்கள் செலவழிக்காத சூடுகளே மூலதனம். எல்லாவற்றையும் தீர்த்துவிட்டுச் சுற்றை முடித்தால் எதிரி உங்கள் கண்முன்னே நடந்து போவான். தற்காப்பில் சுடும் தூரத்தை நீங்களே குறைத்து வைக்கலாம். இரவில் இது உயிர்காக்கும் வசதி. 300 மீட்டரில் சுட்டு இடத்தைக் காட்டிக்கொடுக்கும் இயந்திரத் துப்பாக்கியைவிட, 100 மீட்டர் வரை வாய் திறக்காத துப்பாக்கி இரட்டை வேலை செய்யும்.

முழு வேகத்தில் நகரும் யூனிட் எளிதில் கண்ணில் படும், எளிதில் அடிபடும். எதிரி இருக்கலாம் என்று சந்தேகப்படும் இடத்தில் சுற்றுக்கு ஒரு ஹெக்ஸ், மிஞ்சினால் இரண்டு. முதலில் அரை செக்‌ஷன் அளவுள்ள சாரணர் போகட்டும். புகையை எதிரியின் மேல் போடாதீர்கள். அவனுக்கும் உங்களுக்கும் நடுவில், அவன் பக்கம் சாய்த்துப் போடுங்கள். பீரங்கியைக் கேட்ட உடனே குண்டு வராது. அதனால் இப்போது எதிரி எங்கே இருக்கிறான் என்று பார்க்காமல், இரண்டு சுற்று கழித்து எங்கே இருப்பான் என்று கணித்துக் கேளுங்கள்.

நிலம்

நேரத்தில் பாதியை வரைபடத்துக்கே கொடுங்கள். படைப்பட்டியலில் தவறு இருந்தால் ஐந்து நிமிடத்தில் திருத்திவிடலாம். மலையின் சரிவு தவறாக இருந்தால் எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

இன்றைய செயற்கைக்கோள் படத்தை நம்பி இறங்காதீர்கள். கோஹிமா இன்று நெருக்கமான நகரம். 1944இல் காடும் குடிசையுமாக இருந்த சரிவுகளில் இப்போது கட்டடங்கள். ஆனால் மலையின் உருவம் பெரிதாக மாறவில்லை என்பதால் உயரத் தரவு பயன்படும். கேரிசன் மலையில் உள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் பழைய டென்னிஸ் கோர்ட்டின் கோடுகளை இன்றும் வெள்ளையாகக் குறித்து வைத்திருக்கிறார்கள். பழைய வரைபடத்தையும் இன்றைய படத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்த அதைவிட நல்ல ஆணி கிடைக்காது. இரண்டாவது ஆணியாகச் சாலையின் வளைவு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மைலை ஓர் அங்குலமாகக் காட்டும் பழைய ஓரங்குல வரைபடத் தாளின் அளவுகோல் 1:63,360. அதில் 50 மீட்டர் என்பது 0.79 மில்லிமீட்டர். ஒரு ஹெக்ஸ் ஒரு பென்சில் கோட்டின் தடிமன்தான். அந்தத் தாளைப் பெரிதாக்கினால் மை பெரிதாகுமே தவிர விவரம் கூடாது. ஆகவே அதிலிருந்து முகட்டின் போக்கு, சாலை, மலைகளின் வரிசை ஆகியவற்றை மட்டும் எடுங்கள். குடிசை எங்கே, பேக்கரி எங்கே என்பதையெல்லாம் பட்டாலியன் நாட்குறிப்புகளோடு வரும் கைவரைபடங்களிலிருந்து எடுங்கள். 1:25,000 தாள் கிடைத்தால் ஹெக்ஸ் 2 மில்லிமீட்டர் வரும்; வேலை சுகம்.

பரப்பு 30க்கு 40 ஹெக்ஸ் போதும்: கிழக்கு மேற்காக 1.5 கிலோமீட்டர், முகட்டின் வழியே 2 கிலோமீட்டர். நடுவில் டிஐஎஸ், வடக்கே எஃப்எஸ்டி, தெற்கே சாலையைத் தாண்டி ஜெயில் மலை. எல்லாப் பக்கமும் சண்டை நடக்காத ஐந்து ஹெக்ஸ் விளிம்பு விடுங்கள். இல்லாவிட்டால் பின்வாங்கும் யூனிட் வரைபடத்தை விட்டே வெளியேறிவிடும்.

வேலையின் ஒழுங்கு இது. முதலில் உயரம் மட்டும். மரம், சாலை, வீடு எதுவும் வைக்காமல் வெறும் மொட்டை மலையாக வரைந்து முடியுங்கள். பிறகு ஜெயில் மலை உச்சியில் ஒரு சோதனை யூனிட்டை நிறுத்தி, அதன் பார்வைக்கோடு எந்த ஹெக்ஸ்களைத் தொடுகிறது என்று பாருங்கள். டிஐஎஸ் மலையின் தென்சரிவும் சாலை போகும் தாழ்வும் தெரிய வேண்டும். வடசரிவு மறைய வேண்டும். எஃப்எஸ்டி உச்சியிலிருந்தும் இதேபோல் பாருங்கள். விடை வரலாற்றோடு ஒத்துவராவிட்டால் மலை உச்சியை ஒரு படி உயர்த்துங்கள், அல்லது தாழ்வை ஒரு படி இறக்குங்கள். உண்மையான மீட்டர் கணக்கைவிட, யார் யாரைப் பார்க்க முடிந்தது என்பதற்கே முதலிடம். மலைச்சரிவில் வெட்டிய படிகளை 50 மீட்டர் கட்டத்தில் தனித்தனியாகக் காட்ட வழியில்லை. சரிவு ஹெக்ஸ்களில் கரடுமுரடான தரையைத் தூவி நகர்வைத் தாமதப்படுத்தினால், ஏறுகிறவருக்கு அதே உணர்வு வந்துவிடும்.

அதன் பிறகு சாலை, பிறகு மரங்கள், கடைசியாகக் கட்டடங்கள். மூங்கில் குடிசைகளுக்கு எரியக்கூடிய மரக்கட்டட வகை. பேக்கரிக்குக் கல்கட்டட வகை, ஏனென்றால் அதன் செங்கல் அடுப்புகளுக்குள் ஒளிந்தவர்களை வெளியேற்றத்தான் பொறியாளர்கள் வெடிமருந்தோடு வர வேண்டியிருந்தது. அந்த ஒரு ஹெக்ஸின் வகையைத் தவறவிட்டால் இந்த சினாரியோவின் மையமே கலைந்துவிடும்.

படை

எடிட்டரில் கம்பெனி என்று சொடுக்கினால் முழு பலத்தோடு கம்பெனி வந்து நிற்கும். ஏறக்குறைய எல்லாப் புதிய சினாரியோவும் தடுக்கி விழும் படிக்கட்டு இது. தாளில் 800க்கு மேல் ஆட்கள் இருக்க வேண்டிய வெஸ்ட் கென்ட் பட்டாலியன் கோஹிமாவுக்குள் நுழைந்தபோது ஏறக்குறைய 450 பேர்தான். முற்றுகைக்குள் மொத்தம் சுமார் 2,500 பேர் இருந்தார்கள், அவர்களிலும் ஆயிரம் பேர்வரை போரிடாதவர்கள். ஆகவே கம்பெனியை வாங்கிய கையோடு ஒவ்வொரு செக்‌ஷனிலும் ஆள் எண்ணிக்கையை 10இலிருந்து 6 அல்லது 7ஆகக் குறையுங்கள். மூன்று பிளட்டூன், ஒவ்வொன்றிலும் மூன்று செக்‌ஷன், பிளட்டூன் தலைமையோடு ஒரு 2 அங்குல மார்ட்டர். செக்‌ஷனுக்கு ஒரு பிரென் அப்படியே இருக்கட்டும். ஆள் குறைந்தாலும் பிரெனைக் கைவிட மாட்டார்கள். துணைக்கு இரண்டு 3 அங்குல மார்ட்டர், வெடிமருந்தோடு ஒரு பொறியாளர் செக்‌ஷன்.

பீரங்கி விஷயத்தில் கோஹிமாவுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. காவற்படையைத் தாங்கிப் பிடித்த மலைப் பீரங்கிகள் உள்ளே இல்லை. மேற்கே சுமார் 3 கிலோமீட்டர் தள்ளி ஜோட்சோமாவில், 161ஆவது இந்தியப் பிரிகேட்டின் நிலையில் இருந்தன. முற்றுகைக்குள் இருந்த நோக்கர்கள் வானொலியில் இலக்குச் சொல்ல, குண்டுகள் தங்கள் குழிகளுக்கு மிக அருகிலேயே விழும்படி சுடவைத்தார்கள். எஸ்பியில் இதைக் காட்ட, வரைபடத்துக்கு வெளியே இருக்கும் 3.7 அங்குல மலைப் பீரங்கிப் பிரிவு ஒன்று, உள்ளே ஒரே ஒரு நோக்கர், முன்பே குறித்து வைத்த இரண்டு மூன்று இலக்குகள். நோக்கர் வீழ்ந்தால் பீரங்கி தாமதமாகும். ஆடுகிறவர் அந்த நோக்கரைக் கண்ணிமைபோல் காக்கக் கற்றுக்கொள்வார்.

ஜப்பானியப் பக்கம் ஒரு கம்பெனிக்குக் குறைவாக வைத்தால் போதும்: குடிசைகளிலும் பேக்கரியிலும் இரண்டு பிளட்டூன், அவற்றோடு 50 மில்லிமீட்டர் டைப் 89 குண்டெறி குழு. ஜெயில் மலையில் டைப் 92 இயந்திரத் துப்பாக்கி மூன்றோ நான்கோ, ஒரு 70 மில்லிமீட்டர் பட்டாலியன் பீரங்கி. பீரங்கிக்குக் குண்டைப் பாதிக்கும் கீழே குறைத்துவிடுங்கள். மலை தாண்டி வந்த அந்த டிவிஷனுக்கு வழங்கல் கடைசிவரை பற்றாக்குறைதான்.

அனுபவ எண்ணையும் மன உறுதி எண்ணையும் தனித்தனியாக வையுங்கள். வெஸ்ட் கென்ட் பட்டாலியன் வட ஆப்பிரிக்காவிலும் பர்மாவின் அரக்கானிலும் சண்டை பார்த்தது, ஆகவே அனுபவம் சராசரியைவிடப் பத்துப் பதினைந்து கூடுதல். ஜப்பானியருக்கு மன உறுதி மட்டுமல்ல, அனுபவமும் உயர்வாக வேண்டும். கண்மூடித்தனமாக ஓடிவந்து சாகும் கூட்டமாக அவர்களைக் காட்டும் சினாரியோக்கள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. இருட்டில் ஓசையில்லாமல் மலையேறிக் காவல் வரிசைக்குள் புகுந்த காலாட்படை அது. அந்தத் திறமையைக் காட்டாத ஆட்டம் எதிரிலிருந்தவர்களின் துணிவையும் சேர்த்தே குறைத்துவிடுகிறது.

நேரமும் வெளிச்சமும்

சுற்றுகளின் எண்ணிக்கையைத் தோன்றியபடி வைக்காமல் கணக்குப் போடுங்கள். எஃப்எஸ்டி சரிவிலிருந்து பேக்கரிக்கு 6 ஹெக்ஸ் என்று வைத்துக்கொள்வோம். சூட்டுக்கு நடுவே காலாட்படை சுற்றுக்குச் சராசரி ஒன்றரை ஹெக்ஸ் போகும், ஆக 4 சுற்று. தொடக்கத்தில் எதிரியை அமுக்க 3. நடுவில் படுத்தவர்களைத் தேற்றி எழுப்ப 4. பேக்கரியைப் பிடித்த பிறகு மீதிக் குடிசைகளைத் துப்புரவாக்க 3. மொத்தம் 14. தடுமாற்றத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தால் 17. இதைவிடக் குறைத்தால் ஆடுகிறவர் மார்பைக் காட்டிக்கொண்டு ஓட வேண்டிவரும். 25 என்று தாராளமாகக் கொடுத்தால் ஒவ்வொரு குடிசையையும் நிதானமாகத் தரைமட்டமாக்கிவிட்டு நடந்து போவார், கேள்வி செத்துப்போகும்.

விடியற்காலை வெளிச்சம் கொஞ்சம் சிக்கலானது. பார்வைத்தூரத்தை நீங்கள் ஒரு முறைதான் குறிக்கிறீர்கள். விடிய விடிய அதைக் கூட்டிக்கொண்டே போக முடியாது. 3 ஹெக்ஸ் வைத்தால் கடைசிவரை இருட்டு, 15 வைத்தால் முதல் சுற்றிலேயே ஜெயில் மலை எல்லாரையும் சுட்டுத் தள்ளிவிடும். இதற்கு நல்ல வழி: பார்வைத்தூரத்தை 12 என்று வையுங்கள், ஆனால் ஜெயில் மலையில் முதலில் யாரையும் நிறுத்தாதீர்கள். அங்கே இருக்க வேண்டிய இயந்திரத் துப்பாக்கிகளை 7ஆவது சுற்றில் உச்சிக்கு வந்துசேரும் துணைப்படையாகக் குறியுங்கள். குடிசைகளுக்குள் இருப்பவர்களுக்குச் சுவரும் மரமும் மறைப்பதால் அதற்குமுன் யாருக்கும் நெடுந்தூரப் பார்வை கிடைக்காது. 7ஆவது சுற்றில் மேலிருந்து சூடு தொடங்கும்போது ஆடுகிறவருக்கு அது விடிந்துவிட்டது என்றே தோன்றும். துணைப்படை வந்திறங்கும் ஹெக்ஸ் எதிரிக்கு எட்டாத இடமா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

எந்தப் பக்கத்தைக் கணினிக்குக் கொடுப்பது

தாக்குதலில் கணினி துண்டு துண்டாக வரும். ஒரு பிளட்டூன் வந்து அழிந்த பிறகு அடுத்தது வரும். ஒன்றுக்கொன்று சூட்டு ஆதரவு இருக்காது. தற்காப்பில் அது நன்றாகவே உழைக்கும், நல்ல இடத்தில் நிறுத்திக் கொடுத்தால் போதும். எதிர்த்தாக்குதலை நாம் தேர்ந்தெடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்: ஆடுகிறவர் வெஸ்ட் கென்ட், கணினி பேக்கரிக்குள்.

ஜப்பானிய யூனிட்களுக்குத் தற்காப்பு நிலை கொடுத்து, முகம் பார்க்கும் திசையை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். எல்லாம் வடக்கே பார்த்து நின்றால் ஒரு பக்கவாட்டு நகர்விலேயே மொத்த நிலையும் சரியும். ஒரே ஒரு பிளட்டூனுக்கு மட்டும் நடமாடும் கட்டளை: 5ஆவது சுற்றுக்குப் பிறகு, இரண்டு மூன்று வழிப்புள்ளிகள் மூலம் கிழக்குச் சரிவைச் சுற்றி எஃப்எஸ்டி பக்கம் போக வேண்டும். வழிப்புள்ளிகளை நெருக்கமாக, 4 ஹெக்ஸுக்கு மிகாமல் வையுங்கள். தூரமாக வைத்தால் கணினி தனக்குத் தோன்றிய குறுக்கு வழியில் போய், திறந்த சாலையில் மாட்டிக்கொள்ளும்.

புள்ளிகள்

இழப்புகளுக்கும் பிடித்த இடங்களுக்கும் எஞ்சின் தனித்தனியாகப் புள்ளி தரும். இரண்டும் ஒத்துப்போகவில்லையென்றால், மலையை இழந்தவர் ஜெயித்ததாகத் திரையில் வரும். உதாரணக் கணக்கு ஒன்று: உங்கள் தாக்குபடையின் விலை 600 புள்ளி, எதிரி 500. சோதனை ஆட்டங்களில் நீங்கள் பாதியை இழக்கிறீர்கள், 300. எதிரி ஏறக்குறைய எல்லாவற்றையும், 450. பிடிக்க வேண்டிய இடங்களுக்கு மொத்தம் 100 புள்ளிதான் என்றால், பேக்கரியைப் பிடிக்காமலே தூரத்திலிருந்து சுட்டு ஜெயித்துவிடலாம். அவற்றை 500க்கு உயர்த்துங்கள்: பேக்கரிக்கு 200, குடிசை ஹெக்ஸ்கள் நான்குக்குத் தலா 50, டிஐஎஸ் உச்சிக்கு 100. இப்போது இடம்தான் பேசும். கடைசிச் சுற்றில் ஒரு செக்‌ஷன் ஓடிப்போய்க் கொடியைத் தொட்டுவிட்டு வரும் தந்திரத்தைத் தடுக்க, புள்ளி தரும் கொடி ஹெக்ஸ்களைப் பக்கத்துப் பக்கத்தில் கொத்தாக வையுங்கள்.

சோதனை

குறைந்தது ஆறு ஆட்டம். இரண்டு முறை ஒழுங்காக ஆடுங்கள். ஒரு முறை நேரே ஓடுங்கள். ஒரு முறை ஒரு ஹெக்ஸ்கூட நகராமல் பீரங்கியை மட்டும் பயன்படுத்துங்கள். மீதி இரண்டையும் உங்கள் வரைபடத்தையே பார்த்திராத வேறு இருவரிடம் கொடுங்கள். நேரே ஓடினவர் ஜெயித்தால் ஜப்பானியக் குறுக்குச்சூடு பலவீனம். நகராதவர் ஜெயித்தால் பீரங்கிக் குண்டு அதிகம். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மூன்று எண்களை மட்டும் குறியுங்கள்: இரு பக்கத்து இழப்பு, முன்னணிச் செக்‌ஷன் நிற்கும் ஹெக்ஸ், மிச்சமிருக்கும் பீரங்கிக் குண்டு. ஒரு சோதனைக்கு ஒரு மாற்றம் மட்டும். அனுபவ எண்ணையும் குண்டு எண்ணிக்கையையும் ஒரே நேரத்தில் மாற்றினால், எது வேலை செய்தது என்று ஒருபோதும் தெரியாது. ஒவ்வொரு மாற்றத்தையும் புதிய எண்ணில் சேமியுங்கள். பழைய கோப்பின் மேல் எழுதினால் திரும்பிப் போக வழி இராது.

ஜப்பானியர் எப்போதும் ஒரே இடத்தில் இருந்தால் இரண்டாவது முறை ஆடுகிறவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும். நிலைகளை மாற்றி மூன்று பதிப்பு செய்து தனித்தனிப் பெயரில் கொடுங்கள். வரைபடம் ஒன்றுதான் என்பதால் அரை நாள் வேலை.

கடைசியாக ஆட்டக் குறிப்பு. கம்பெனித் தளபதிக்கு அந்த விடியலில் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள்: இரவு முழுக்கக் கீழே சத்தம், குடிசைகளில் எதிரி, எத்தனை பேர் என்று தெரியாது, பேக்கரி கல்கட்டடம், பொறியாளர்கள் உங்களோடு, விடிந்தால் ஜெயில் மலை பார்க்கும். 7ஆவது சுற்று என்ற எண்ணை அங்கே எழுதாதீர்கள். எந்த இடத்தில் வரலாற்றை வளைத்தீர்கள், மலையை எங்கே ஒரு படி உயர்த்தினீர்கள், துப்பாக்கிகளை ஏன் தாமதமாக வரவைத்தீர்கள் என்பதெல்லாம் தனிக் கோப்பில் இருக்கட்டும். ஆடி முடித்தவர் அதைத் திறந்து படித்துக்கொள்வார்.